ஊதா மருந்தில் வரைந்த கோட்டை

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், மூன்றாம் லயத்தில், என்னோடு வளர்ந்தவர்களுக்கெல்லாம் இப்போது நாற்பது தாண்டியிருக்கும். பாதிப் பேர் கொழும்பில், சிலர் கடல் கடந்து, மிச்சப் பேர் இன்னும் அப்புத்தளைப் பக்கம்தான். கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்க முடியாத வயதுக்கு வந்துவிட்டோம். இனி ஒருவருக்கொருவர் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது என்ற துணிச்சலில் இதை உங்களுக்கு எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தை ராணுவம் பிடித்ததற்கு அடுத்த வருஷம், ஆடிக் காற்றில் தொடங்கித் தீபாவளி மழையில் முடிந்த அந்த நாலு மாதம் உங்களுக்கும் நினைவிருக்கும். நீங்கள் வாசலுக்கு வெளியே நின்று பார்த்தீர்கள். நான் உள்ளே நின்றேன்.

அந்த வருஷக் காற்றை மறக்க முடியுமா? தகரக் கூரை பறந்துவிடாமல் கல் ஏற்றி வைத்திருந்தோம். தலை சீவினால் சீப்பில் செம்மண் வரும். அந்தக் காய்ந்த காற்றில்தான் கொழுந்துக்கு மணம் ஏறும் என்று தேயிலை ஸ்டோரில் வேலை செய்த அப்பா சொல்வார். அது பொய்யில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் நம் ஒற்றை அறைக் காம்பரா முழுக்கத் தேயிலை மணக்கும். மலை உச்சிக்கு ஏறினால் தெற்கே, வெகு தூரத்தில், வெள்ளையாக ஒரு கோடு தெரியும். நமக்கெல்லாம் கடல் என்றால் அதுதான். அதன் பக்கத்தில் போய் நின்றவர் நம் லயத்தில் ஒருவரும் இல்லை.

அப்படிப்பட்ட ஊரில் பள்ளிக்கூடத்து சமூகக்கல்வி சார், பத்தாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். இலங்கையின் கடற்கரைக் கோட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் வரலாற்றை எழுதி, படமும் வரைந்து கொண்டுவர வேண்டும். வகுப்பே காலிக் கோட்டையை எடுத்துக்கொண்டது, அதன் படம் ஒரு கலண்டரில் இருந்தது என்பதற்காக. என் அக்கா மட்டும் யாழ்ப்பாணக் கோட்டை என்றாள். வீரத்தில் இல்லை. பாடப் புத்தகத்தில் அதைப் பற்றி நாலு வரிதான் இருந்தது, அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டாள்.

அந்தக் காற்றில் எனக்குக் காதுவலி வந்தது. அக்கா என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே மருந்து கொடுத்தவரை நாம் எல்லோரும் டாக்டரையா என்று கூப்பிட்டோம். உண்மையில் அவர் டாக்டர் இல்லை, டிஸ்பென்சர். யாழ்ப்பாணத்துக்காரர், ஒடிசலான உயரம், நெற்றியில் எந்நேரமும் திருநீறு, மூக்கில் எந்நேரமும் கோபம். பேதி என்று போனாலும் ஏச்சு, பேதி நின்றுவிட்டது என்று சொல்லப் போனாலும் ஏச்சு. மருந்து வாங்கக் கொண்டுபோகும் போத்தலைக் கழுவாமல் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் கைராசிக்காரர், அதனால் எல்லோரும் பொறுத்துக்கொண்டோம்.

வரிசையில் காத்திருந்த நேரத்தில் அக்கா மடியில் கொப்பியை வைத்துக் கோட்டை வரைந்துகொண்டிருந்தாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"உது என்ன பிள்ளை?"

"கோட்டைங்க ஐயா. யாழ்ப்பாணக் கோட்டை."

"உதோ? உது தோசைக்கல்லு மாதிரி எல்லோ கிடக்கு! அஞ்சு மூலை எங்க? அகழி எங்க?"

"புத்தகத்துல இம்புட்டுத்தாங்க ஐயா போட்டிருக்கு."

அவர் அக்காவை விட்டுவிட்டு அந்தப் புத்தகத்தை ஏசினார். பிறகு அலுமாரிக்குப் பின்னால் கிடந்த ஒரு பெரிய சுருளை எடுத்து மேசையில் விரித்தார். அது சுகாதாரப் பகுதியினர் அனுப்பிய குடும்பக் கட்டுப்பாட்டுப் படம். ஒரு பெண்ணின் வயிற்றைக் குறுக்கே வெட்டிக் காட்டியிருக்கும். சுவரில் மாட்டியபோது பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிப் போனதால் கழற்றி வைத்திருந்தார். அதைக் கவிழ்த்துப் போட்டார். பின்பக்கம் வழுவழுவென்று வெள்ளையாக, தடித்த தாள். அதில் பென்சிலால் ஐந்து மூலை கொண்ட ஒரு கோட்டையை வரையத் தொடங்கினார். வரிசையில் நின்றவர்கள் இருமிக்கொண்டே பார்த்தார்கள். என் காதை அவர் அன்றைக்குக் கவனிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று நாலு வாரம், ஆஸ்பத்திரி மூடிய பிற்பகல்களில் நானும் அக்காவும் அங்கே போனோம். சொல்லிக்கொடுக்கத்தான் கூப்பிட்டார் என்று நினைக்காதீர்கள். அக்காவைப் பென்சில் தொடவே விடவில்லை. அவர் தனக்காகத்தான் வரைந்தார், நாங்கள் பக்கத்தில் இருந்தோம், அவ்வளவுதான். வர்ணப்பெட்டி கிடையாது. குச்சியில் பஞ்சைச் சுற்றி, புண்ணுக்குப் போடும் மருந்துகளில் தோய்த்துப் பூசினார். சுவர்களுக்கு மஞ்சள் மருந்து. கூரைகளுக்குச் சிவப்பு மருந்து. சுற்றிவர அகழிக்கும் அதற்கப்பால் கடலுக்கும் ஊதா மருந்து. படத்துக்குப் பக்கத்தில் போனால் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும்.

வரைந்துகொண்டே பேசுவார். அவருடைய தகப்பனார் கோட்டைக்குள் இருந்த சிறையில் கிளாக்கராக இருந்தவர். சின்ன வயதில் தினமும் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனவர் இவர். அதனால் எதற்கும் எதற்கும் இடையில் எத்தனை எட்டு, எத்தனை காலடி என்று இவருக்குத் தெரியும். வாசலில் இருந்து கிணறு வரை, கிணற்றில் இருந்து தேவாலயம் வரை, தேவாலயத்தில் இருந்து வெடிமருந்து அறை வரை என்று படத்தில் எட்டுக் கணக்கைத் தமிழில் எழுதினார்.

"முதல்ல பறங்கி கட்டினது சதுரம்," என்பார். பறங்கி என்றால் போர்த்துக்கீசன், ஒல்லாந்தன் என்றால் டச்சுக்காரன். "அரசனைப் பிடிச்சு, கோயிலை இடிச்சு, அந்தக் கல்லிலதான் கட்டினவங்கள் எண்டு ஊரில சொல்லுவினம். பிறகு ஒல்லாந்தன் வந்து சுத்தி வளைச்சான். மூண்டரை மாசம். உள்ளுக்க சனம் பசியிலயும் காய்ச்சலிலயும் செத்துது. கடைசியில பறங்கி வெளிய வந்து கையைத் தூக்கிட்டான்."

"அப்பறம்?" என்பாள் அக்கா, எழுதிக்கொண்டே.

"பிறகு ஒல்லாந்தன் அதை இடிச்சுப்போட்டு அஞ்சு மூலையில புதுசாக் கட்டத் தொடங்கினான். தன்ர நாட்டு மாகாணங்களின்ர பேரை மூலைக்கு ஒண்டா வைச்சான். கடல் கல்லு, சுண்ணாம்பு. கட்டினான், கட்டினான், நூறு வருசத்துக்கு மேல கட்டினான். வெளிமதில் முடிஞ்சு மூண்டு வருசத்தில வெள்ளைக்காரன் வந்து நிண்டான். என்ன செய்தவன் எண்டு நினைக்கிறாய்?"

"சண்டை போட்டாங்களா ஐயா?"

"ஒரு வெடி வைக்கேல்லை. திறப்பைக் குடுத்திட்டுப் போட்டான்."

கோட்டைச் சாவியைக் கொடுத்த இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அவர் சிரித்ததை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். ஆனால் அண்மைக் காலத்தில் நடந்ததைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அந்தக் கோட்டைக்குள் ராணுவம் இருக்க, வெளியே இயக்கம் சுற்றி வளைத்து நின்றது. மாதக்கணக்கில் நடந்த அந்தச் சண்டையில் கோட்டையைச் சுற்றியிருந்த நகரத்தில் வீடு என்று ஒன்று மிஞ்சவில்லையாம். பிறகு மதிலையும் உடைத்தார்களாம். அவர் வரைந்தது இல்லாமல் போன ஒன்றை. அது எனக்கு அன்று விளங்கவில்லை. நான் மலை உச்சியில் இருந்து தெரியும் வெள்ளைக் கோட்டில் அந்தக் கோட்டை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டபோது, "அது வேற கடல் பிள்ளை," என்றார்.

அந்தச் சண்டை தொடங்குவதற்குச் சில வாரம் முன்புதான் அவர் லீவு முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியிருந்தார். மனைவியும் மகளும் அங்கே, இவர் இங்கே. பாதை மூடிவிட்டது. மகளுக்கு அப்போது நாலு வயது. இப்போது என் வயது, பத்து. கப்பலில் போகலாம் என்று அந்த வருஷம் வழி திறந்ததும் விண்ணப்பம் போட்டிருந்தார். பாதுகாப்பு அனுமதிக் கடிதம் வர வேண்டும், வந்தால் மார்கழியில் பயணம். "என்ர பேரில ஒரு கறுப்புப் புள்ளி விழக் கூடாது. விழுந்தா அவ்வளவுதான்," என்று அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒருநாள் என்னைச் சுவரோடு நிற்கவைத்து உயரம் அளந்தார். தோள் அகலமும் அளந்தார். அடுத்த வாரம் பதுளையில் இருந்து பச்சை நிறத்தில், கழுத்தில் வெள்ளைப் பின்னல் வைத்த ஒரு சட்டை வந்தது. எனக்குத்தான் என்று நினைத்தேன். மகளுக்காம். அது மருந்து அறையில் ஆணியில் தொங்கியது, நான் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

படத்தை முடித்ததும் அவரே அதைச் சுருட்டி அக்காவிடம் கொடுத்துவிட்டார். அக்காவின் வேலைக்கு வகுப்பில் முதல் இடம். நாலு வரி எழுதப் போனவள் ஒரு கொப்பி முழுக்க எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் சார் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். படத்தை ஒரு மாதம் பள்ளிக்கூடத்தில் மாட்டி வைத்துவிட்டுத் தீபாவளிக்கு முன்னால் திருப்பிக் கொடுத்தார்கள்.

இங்கேதான் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியம் நடந்தது. தீபாவளிக்கு லயத்துச் சுவரில் தாள் ஒட்டுவோமே, நினைவிருக்கிறதா? தோட்டத்தில் சுண்ணாம்பு தந்தால் அடிப்போம், தராத வருஷம் பழைய பத்திரிகைதான். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்து, கரப்பான் வராமல் இருக்க ஒரு சிட்டிகை துத்தம் போட்டு, புகைக்கரியும் வெடிப்பும் மறையும்படி ஒட்டுவோம். தடித்த தாள் கிடைத்த வீட்டுக்காரிக்கு அந்த வருஷம் பெருமைதான். அம்மா அக்காவின் படத்தைப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள்.

"ஐயய்ய, இந்தக் கர்மத்த பொம்பளப் புள்ளைங்க இருக்கிற வீட்டுல ஒட்ட முடியுமா? அந்தப் பக்கத்த உள்ள தள்ளி ஒட்டுறேன். கோட்டை வெளிய தெரியட்டும்."

"அம்மா, அத நான் வச்சுக்கிறேன்மா. ஒட்டாதீங்க."

"பொட்டிக்குள்ள வச்சா கரப்பான்தான் பாக்கும். செவுத்துல இருந்தா நாலு பேரு பாப்பாங்கல்ல?"

நாலு பேர் என்ன, லயமே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு அத்தை அதை ஏதோ பூஜைச் சக்கரம் என்று நினைத்து, நடுவில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுப் போனாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பொட்டை யாரும் அழிக்கவில்லை. சாமிப் பொட்டை அழிப்பது யார்?

தீபாவளி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. கொழும்பில் எங்கோ குண்டு வெடித்த வாரம் அது. ஞாயிறு பெரட்டில் நின்று பேர் கொடுக்கும் வேலை இல்லாததால் எல்லோரும் வீட்டில். காலை பத்து மணி இருக்கும், மழை தூறிக்கொண்டிருந்தது. ராணுவமும் பொலிஸுமாக இரண்டு டிரக் வந்து நின்றன. ஆண்களைப் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். வீடு வீடாகச் சோதனை. எங்கள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் ஏறிய அதிகாரி, உள்ளே ஒரு அடி வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு நேரே சுவரில் கோட்டை. சுற்றி ஊதா நிறம், பக்கத்தில் பக்கத்தில் எண்கள், வாசிக்கத் தெரியாத தமிழ், நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி.

அப்பாவைக் கூட்டிவந்தார்கள். கூடவே தோட்டத்துச் சங்கத் தலைவரும் வந்தார், நம் லயத்துக்கு எது நடந்தாலும் முன்னால் நிற்பவர். நல்ல மனுஷன். இன்றைக்கும் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. சுவரை ஒரு தடவை பார்த்தார், அப்பாவின் காதில் ஏதோ சொன்னார், அப்பா தலையாட்டினார். தலைவருடைய சிங்களம் கடைத்தெருச் சிங்களம். என்னுடையது அப்படியில்லை. ரயில்வே கேட்காரரின் பெண்பிள்ளைகளோடு விளையாடி விளையாடி நான் சிங்களப் பிள்ளை மாதிரியே பேசுவேன், அதில் எனக்கு ரொம்பத் திமிர். தலைவர் என்னை முன்னால் தள்ளினார்.

"நீ சொல்லு புள்ள. நம்ம மாரியம்மன் கோயில் கட்டப்போற பிளான்னு சொல்லு. கோட்டைன்னு மட்டும் வாயத் தொறந்துறாத."

சொன்னேன். அழகாகச் சொன்னேன்.

அதிகாரி படத்தைத் தொட்டுக் கேட்டார். "இந்த ஐந்து மூலை எதற்கு?"

தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. நான் காத்திருக்கவில்லை. "ஐந்து கோபுரம் சேர்."

"சுற்றி இந்த ஊதா?"

"கோயில் குளம் சேர். சாமியைத் தெப்பத்தில் வைத்துச் சுற்றுவோம்."

"நடுவில் சிவப்பு?"

"அம்மன் இருக்கிற இடம்."

இவையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே கட்டினேன். வாசலில் நின்ற நீங்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு என்னைப் பெருமையாகப் பார்த்தீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சிங்களம் நன்றாக இருப்பதாக அதிகாரி சொன்னார், எங்கே கற்றாய் என்று கேட்டார், அதற்கும் பதில் சொன்னேன். பிறகு அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே முகம். குரலைத் தாழ்த்தி, மெதுவாகக் கேட்டார்: "மகளே, இது உண்மையாகவே கோயில்தானா?"

"ஆமாம் சேர். கோயில்தான்."

அவர் எழுந்தார். படத்தின் மேல் மூலையைப் பிடித்து இழுத்தார். மழை ஈரத்தில் பசை இளகியிருந்தது, தாள் முழுசாக வந்துவிட்டது. பின்பக்கத்தில் வெட்டிய வயிற்றுப் படம். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கீழ் மூலையில் தோட்டத்து ஆஸ்பத்திரியின் முத்திரையும், கிடைத்தது என்று டாக்டரையா போட்ட கையெழுத்தும் இருந்தன. அதிகாரி அதைப் படித்தார், சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பாதையில் இறங்கினார்.

நாங்களும் பின்னால் ஓடினோம். டாக்டரையா வாசலிலேயே நின்றிருந்தார். படத்தை விரித்துக் காட்டியதும் ஒரு விநாடிகூட யோசிக்காமல் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அதிலே யாழ்ப்பாணம், ஒல்லாந்தர், பள்ளிக்கூடம் என்ற மூன்றும் எனக்கு விளங்கின. அவர் உண்மையைச் சொல்கிறார் என்று விளங்கியது. அதிகாரி சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "பள்ளிக்கூடப் படம் என்றால் லயத்தில் ஏன் எல்லோரும் கோயில் என்கிறார்கள்?"

டாக்டரையா எங்களைப் பார்த்தார். கோபமில்லை. கணக்குத் தப்பிய இடத்தைத் தேடுகிறவர் போலப் பார்த்தார். "எனக்குத் தெரியாது," என்றார்.

டிரக்கில் ஏற்றுவதற்கு முன் மருந்து அலுமாரியைப் பூட்ட அனுமதித்தார்கள். திறப்பைத் தலைவரிடம் கொடுத்தார். "ரெண்டாந்தட்டில இருக்கிறதுதான் பிள்ளையளின்ர இருமல் மருந்து. மாறிக் குடுத்துப்போடாதையுங்கோ," என்றார். டிரக் போனபிறகும் தலைவர் அந்தத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றார்.

அன்று பிற்பகல் எங்கள் வீட்டுக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அக்கா தன் கொப்பியையும் பாடப் புத்தகத்தையும் சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டு புறப்பட்டாள்.

"பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்ப்பா. இதக் காட்டுனா விட்டுருவாங்க. சார் சைன் வச்சிருக்காரு."

"பொம்பளப் புள்ள ஸ்டேஷன் படி ஏறுறதா? வை அத கீழ."

"அப்ப நீங்க கொண்டுபோங்கப்பா!"

"கொண்டுபோனா, சைன் வச்ச சாரையும் சேத்து இழுத்துட்டு வருவாங்க. அப்பறம் எழுதுன உன்னையும். போதும்."

அப்பா கோழை இல்லை. ஸ்டோரில் துரையோடு எதிர்த்து நின்றவர். ஆனால் அன்று அவர் கண்ணில் அக்கா மட்டும்தான் தெரிந்தாள். அம்மா கொப்பியை வாங்கினாள், அடுப்பில் வைத்தாள். தாள் சுருண்டு எரிந்தது. அந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பக்கூடிய ஒரே சாட்சி அது. அதை அடுப்பில் வைத்ததை எங்களைக் காப்பாற்றிய காரியமாகத்தான் அம்மா கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தாள். அக்கா அன்று இரவும் மறுநாளும் சாப்பிடவில்லை. அப்பாவோடு பழையபடி பேச அவளுக்கு வருஷங்கள் ஆயின.

தலைவர் பதுளைக்கும் கொழும்புக்கும் நடையாய் நடந்தார், பெரிய மனிதர்களைப் பார்த்தார், மனு எழுதினார். கோயில் கதையை மட்டும் யாரிடமும் எடுக்கவில்லை. மார்கழி வந்தது, போனது. மாசியில் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. டாக்டரையாவின் மனைவியின் தங்கை எழுதியது. காய்ச்சல் கண்டு, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, மனைவி இறந்துவிட்டாள். கப்பல் வரும் நாளெல்லாம் மகளை அனுப்பி விசாரித்தாளாம். அத்தான் ஏன் வரவில்லை, ஒரு கடிதமாவது போட்டிருக்கக் கூடாதா என்று அந்த அம்மா கேட்டிருந்தாள். அப்பா அதைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கி, பாதியில் தலைவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். தலைவர்தான் அதைச் சிறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஏறக்குறைய இரண்டு வருஷம் வைத்திருந்துவிட்டு, குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். அவர் தோட்டத்துப் பக்கம் திரும்பி வரவில்லை. அவருடைய பெட்டியை அம்மாதான் அடுக்கினாள். பச்சைச் சட்டையை மடித்து மேலே வைத்தாள். அதற்குள் நானே அந்தச் சட்டையை விட ஒரு சாண் வளர்ந்திருந்தேன்.

சண்டை நின்று பாதை திறந்திருந்த காலத்தில், கோயில் கமிட்டிக்காரர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு பஸ் ஏற்பாடு செய்தார்கள். அக்காவும் நானும் போனோம். எனக்கு அப்போது பதினேழு. டாக்டரையா ஒரே ஒரு தடவை அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் கோண்டாவில் விலாசம் இருந்தது. போய் நின்றதும் அடையாளம் கண்டுகொண்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. கோபம் எங்கேயோ போயிருந்தது, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. மகள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டாள், ஆனால் தூரத்து உறவினரிடம் பேசுவது போலத்தான் பேசினாள்.

சாயங்காலம் எங்களைக் கோட்டை பார்க்கக் கூட்டிப்போனார். உள்ளே போக முடியாது, மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகைகள். மதில்கள் இடிந்து, வெடிப்பில் மரம் முளைத்திருந்தது. அகழியில் ஊதாவும் இல்லை, நீலமும் இல்லை, பாசி பிடித்த கொஞ்சம் தண்ணீர். அக்காவும் மகளும் முன்னால் நடந்தார்கள். அவர் என்னோடு பின்தங்கினார்.

"அந்த அதிகாரி காலிக்காரன்," என்றார் திடீரென்று. "காலிக் கோட்டைக்குள்ள பிறந்து வளந்தவனாம். படத்தைக் கண்ட உடனேயே கோட்டை எண்டு தெரிஞ்சிட்டுதாம். 'அந்தச் சின்னப் பிள்ளை கோட்டை எண்டு சொல்லியிருந்தா நான் சிரிச்சுப்போட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பன். குந்தி இருந்து ரெண்டாந்தரமும் கேட்டனான்' எண்டு என்னட்டச் சொன்னவன். எல்லாரும் சேந்து மறைச்சா அவன் என்ன செய்யிறது?"

கடல் காற்று முகத்தில் அடித்தது. அவ்வளவு பக்கத்தில் கடலைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. ஆனால் நான் கடலைப் பார்க்கவில்லை.

"நான்தாங்க ஐயா அந்தப் புள்ள."

"தெரியும். உன்னை விட்டா ஆர் அந்தத் தோட்டத்தில அப்பிடிச் சிங்களம் கதைச்சது?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "பத்து வயசுப் பிள்ளையோட கோவிச்சு என்ன செய்ய? ஆனா ஒண்டு. நான் இருக்குமட்டும் மகளுக்குச் சொல்லாதை. தாய் போன கோவம் அவளுக்குள்ள கிடக்கு. ஆரில எண்டு தெரியாமலே கிடக்கட்டும்."

சொல்லவில்லை. அவளும் நானும் ஒரே வயது என்பதாலோ என்னவோ, அதற்குப் பிறகு கடிதம் போட்டாள், பிறகு போனில் பேசினாள். இருபது வருஷத்துக்கு மேலாக என் சிநேகிதி. என் பிள்ளைகளின் பேர் அவளுக்குத் தெரியும், அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்து வம்பெல்லாம் எனக்குத் தெரியும். நான் இப்போது நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சாட்சி சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று வேலைக்குச் சேரும்போது சத்தியம் செய்தேன், அதைத் தவறியதும் இல்லை. இவளிடம் மட்டும் ஒவ்வொரு தடவை பேசிவிட்டுப் போனை வைக்கும்போதும் கள்ளச்சாட்சி சொன்ன மாதிரி இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன் டாக்டரையா இறந்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் ஒன்று அச்சடிப்பது அவர்கள் ஊர் வழக்கம். மகள் போன் செய்தாள். "அப்பா தோட்டத்தில இருந்த காலத்தைப் பற்றி எழுத உங்களை விட்டா ஆருமில்லை. ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. அவரை ஏன் பிடிச்சவங்கள் எண்டு அவர் எனக்குச் சொன்னதே இல்லை. உங்களுக்குத் தெரிஞ்சா அதையும் எழுதுங்கோ."

அவர் போட்ட தடை அவரோடு போய்விட்டது. நான் உட்கார்ந்து எழுதினேன். இங்கே உங்களுக்கு எழுதியிருப்பது எல்லாம் அதில் இருந்தது. கோபுரம், குளம், அம்மன், இரண்டாம் தடவை சொன்ன 'ஆமாம் சேர்', எல்லாம். அனுப்பிவிட்டு மூன்று நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். நாலாம் நாள் ஒரு வரி வந்தது.

"இதை மலரில போடேலாது. வேற ஏதாவது எழுதி அனுப்புங்கோ."

எழுதினேன். கடமை தவறாதவர், கைராசிக்காரர், ஏழை எளியவர்மேல் இரக்கம் உள்ளவர், தோட்டத்து மக்கள் அவரை என்றும் மறக்க மாட்டார்கள். நல்ல தமிழில் எழுதினேன், ஒரு பிழை இல்லை. மலரின் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தாள். ஏழாம் பக்கத்தில் என் பேர் போட்டு, ஒரு எழுத்து மாற்றாமல் அச்சடித்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. நான் போன் செய்தாலும் எடுப்பதில்லை.